தரம் குறைந்த படங்கள்

மார்ச் 4

நானூற்றுப் பதினேழு பேரின் கண்களைக் குப்பையில் போட்டவன் நான். இரண்டு மாதம் முன்பு, ஒரே மதியத்தில், காபி குடித்துக்கொண்டே.

சர்க்கரை நோய் விழித்திரையைக் கெடுத்திருக்கிறதா என்று படத்தைப் பார்த்துச் சொல்லக் கணினியைப் பழக்குவது எங்கள் வேலை. மங்கலான படங்கள் அதைக் குழப்பின. "அதையெல்லாம் தூக்கிடுப்பா, எண்ணு தானா ஏறும்," என்றார் பேராசிரியர். ஏறியது. கணினி சரியாகச் சொல்வது நூற்றுக்கு எண்பத்தெட்டிலிருந்து தொண்ணூற்றாறானது. எங்கள் ஆய்வுக் கட்டுரையில் இதற்கு ஒரே வரி: தரம் குறைந்த படங்கள் நீக்கப்பட்டன.

இன்று ஆய்விதழில் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். கைகுலுக்கல் எல்லாம் முடிந்த பிறகு நீக்கியவற்றைத் திறந்து பார்த்தேன். ஏறக்குறைய எல்லாமே ஆலைத் தெரு மருத்துவமனையிலிருந்து வந்தவை. அங்கே இருப்பது பழைய கேமரா. மிஞ்சியவை பெரிய மருத்துவமனைகளின் பளிச்சென்ற படங்கள். யாருடைய தரம் குறைந்தது?

மார்ச் 19

நாங்கள் பழக்கிய கருவியை முதலில் எங்கே வைக்கிறார்கள்? ஆலைத் தெருவில். கண் மருத்துவர் இல்லாத இடமாம்.

நான்தான் போய்ப் பொருத்தினேன். படம் எடுக்கும் நர்ஸ் அக்கா வாய் ஓயாதவர். "என்ன தம்பி, உங்க மிஷினுக்கு டீ குடுக்கணுமா?" என்றார். பிறகு, "நாங்க அனுப்பின படத்தைப் பாத்துத்தானே இது படிச்சுது?"

"ஆமாங்கக்கா."

வரிசையில் நின்ற ஆலைத் தொழிலாளிகளிடம் திரும்பினார். "கேட்டீங்களா? நம்ம கண்ணைப் பாத்துக் கத்துக்கிட்ட மிஷின்."

மறுத்துச் சொல்ல ஒரு நொடி போதும். குனிந்து கருவியின் வயரைச் செருகினேன்.

மார்ச் 27

இன்று ஆலைத் தெருவில் நாற்பத்தொரு பேர். நாற்பத்தொரு பேருக்கும் "நோய் இல்லை". அத்தனை சர்க்கரை நோயாளிகளில் ஒருவருக்குக்கூட விழித்திரை கெடாமல் இருக்க வழியே இல்லை.

ஏப்ரல் 2

நீக்கிய படங்களைக் கருவியிடம் கொடுத்துப் பார்த்தேன். அவற்றில் நூற்று முப்பது பேருக்கு நோய் என்று கண் மருத்துவர்கள் முன்பே குறித்திருந்தார்கள். கருவி கண்டுபிடித்தது பதினொன்று.

பழைய கேமரா பாதிக் காரணம்தான். நோய் முற்றிய கண்ணில் பெரும்பாலும் படமே தெளிவாக விழாது. அப்படியானால் நான் பொறுக்கிப் பொறுக்கி எறிந்தது — நோயாளிகளை.

பேராசிரியரிடம் காட்டினேன்; திரையை முழுதாகப் பார்க்கவில்லை. "இப்பப் போய்க் கிளறாதே. அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிக்கலாம்."

அதுவரைக்கும் அந்தக் கண்ணு காத்திருக்குமா சார்? — மனசுக்குள்ளே கேட்டேன். கோழைப் பயல்.

ஏப்ரல் 3

அக்காவுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "அன்னிக்கி ஆமாங்கக்கான்னீங்களே தம்பி." வைத்துவிட்டார்.

அவரிடம் சொல்லிவிட்டேன் என்று பேராசிரியருக்கும் எழுதினேன்.

ஏப்ரல் 9

என் அட்டைக்கு ஆய்வகக் கதவு திறக்கவில்லை. காவலாளி, "மேல கேளுங்க," என்றார். மேலே யாரும் போனை எடுக்கவில்லை.

அக்காவிடமிருந்து செய்தி:

"மிஷினை நானே நிறுத்திட்டேன். நல்லாருக்குன்னு அனுப்பின இருநூத்தி பன்னெண்டு பேரையும் திரும்பக் கூப்பிடறேன். வெளியூர்லேந்து கண் டாக்டர் வந்திருக்கார். ஒருத்தருக்கு வலது கண்ணு இனி தேறாதாம். மூணு வாரம் முன்னாடியே தன்கிட்ட வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்ங்கறார் டாக்டர். ஏன் அன்னிக்கி ஒண்ணும் இல்லன்னீங்கன்னு அந்தப் பேஷண்ட் என்னைக் கேக்கறார். வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கார், போகமாட்டேங்கறார். நீங்களே வந்து சொல்லுங்க."

இது வந்தது நாலரை மணிக்கு. இப்போது ஏழரை. நான் இன்னும் கிளம்பவில்லை.