உன் செல்கள் மட்டும் ஒளிர்கின்றன

ஜூன் 4

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

நலம்தானே? புது வீட்டு நிலை தலையில் இடிக்காமல் இருக்கிறதா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். எம்.ஆர்.என்.ஏ.வைக் கொழுப்பு நுண்துகளுக்குள் வைத்துச் செல்லுக்குள் அனுப்புகிற உன் புதிய முறையை எங்கள் ஆய்வகத்தில் செய்து பார்த்தேன். கொழுப்பும் நீ அனுப்பியதுதான். அது சரியாக உள்ளே போனால் செல் பச்சையாக ஒளிர வேண்டும். உன் கட்டுரைப் படத்தில் செல்கள் பச்சைப்பசேல் என்று ஒளிர்கின்றன. இங்கே ஏதோ ஒன்றிரண்டு மினுக்குகின்றன. திரும்பத் திரும்பச் செய்தும் இதே கதைதான்.

எங்கள் தலைவர், "படத்த ஜோடிச்சிருப்பாங்களோ?" என்று கேட்டுவிட்டார். "அவ அப்படிப்பட்டவ இல்ல சார்" என்று சண்டைக்குப் போனேன். ஆனால் உன்னிடம் மறைப்பானேன், வீட்டுக்கு வந்ததும் எனக்கும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதற்காக என் மேலேயே எனக்குக் கோபம். கட்டுரை அச்சாகும் முன் ஒரு வழி சொல்.

உன்,
பொடி

ஜூன் 11

அடியே பொடி,

உன் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் முதலில் தோன்றியது. ஒரே மேசையில் ஐந்து வருடம் என்னோடு வேலை பார்த்தவள் நீ! வீம்புக்கென்றே எல்லாவற்றையும் புதிதாகக் கலந்து, கட்டுரையில் எழுதிய அளவிலேயே செய்தேன். ஒளிரவில்லை. பழைய பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன்.

பிறகுதான் பிடிபட்டது. எம்.ஆர்.என்.ஏ.வைக் கரைக்கும் உப்புக் கரைசலைக் கெட்டியாகச் செய்து வைத்திருப்போம். வேண்டும்போது தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்ய வேண்டும். நான் நீர்க்கச் செய்யாமலே, கெட்டிப் பாட்டிலிலிருந்து அப்படியே எடுத்திருக்கிறேன், இத்தனை நாளும்! சத்தியமாகத் தெரிந்து செய்யவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி நாளை மறுநாள் எங்கள் ஆய்வக மேடத்திடம் போகிறேன். வேலை போனாலும் போகட்டும். முதலில் உன்னிடம் சொல்லாமல் மனசு கேட்கவில்லை.

ஒட்டடைக்குச்சி

ஜூன் 16

என் கண்ணே,

மேடத்திடம் போய்விட்டாயா? போயிருந்தால் இந்தக் கடிதத்தோடு மறுபடியும் போ!

உன் கெட்டிக் கரைசலிலேயே செய்து பார்த்தேன். தட்டு முழுக்கப் பச்சை! எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், ஒவ்வொரு துகளும் பல்வலிக்காரன் கன்னம்போல ஒரு பக்கம் புடைத்திருக்கிறது. எம்.ஆர்.என்.ஏ. அந்தப் புடைப்புக்குள் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்கிறோம். நீ செய்தது சரிதான், எழுதிய அளவுதான் தப்பு. அதை மட்டும் திருத்தி அனுப்பினால் போதும். இங்கேயும் அதே முடிவு வந்தது என்று நானே எழுதித் தருகிறேன்.

தட்டைப் பார்த்த தலைவர், "உங்க தோழிகிட்ட நான் மன்னிப்பு கேக்கணும்மா" என்றார்.

"வரிசையில நில்லுங்க சார், எனக்கு அப்புறம்தான் நீங்க" என்றேன்.

உன்,
பொடி