மனுவில் இல்லாத வரி

அண்ணி,

இன்று காலை அலுவலகத்தில் ஒரு பையன், வெள்ளைப் பலகையில் நான் எழுதியிருந்த வரி ஒன்றை உள்ளங்கையால் துடைத்துவிட்டான். அதோடு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. கோபமும் வந்தது.

பல பேர் அவரவர் இடத்திலிருந்தபடியே ஒரே ஆவணத்தை இணையத்தில் சேர்ந்து எழுத ஒரு மென்பொருள் செய்யப்போகிறோம். எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிவைப்பது என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். யார் எந்த வரியை மாற்றினார்கள், எதை நீக்கினார்கள் என்று எழுதிய எல்லோருக்கும் தெரிய வேண்டும். அதுதான் என் வரி. "அத ரெண்டாவது வெர்ஷன்ல பாத்துக்கலாம் மேடம். இப்ப யாரும் கேக்க மாட்டாங்க" என்றான். நான் சத்தம் போட்டேன். அது இல்லாமல் எதுவும் வெளியே போகாது என்று சொல்லி, வரியைத் திரும்ப எழுதவைத்தேன். கேட்டவர் ஒருவர் இருந்தார் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

எண்பதுகளின் நடுவில், வத்தல்மலையில் நம் வீட்டு வாசலில் உட்கார்ந்து கலெக்டருக்கு மனு எழுதினோம். ஹாஸ்டலிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நான்தான் எழுதினேன். ஆளுக்கொன்று சொன்னார்கள், ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருத்தினார். கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த நீங்கள், "மொதல்ல ரோடு எழுது. பிள்ளத்தாச்சிய தூளியில தூக்கிட்டு எறங்குன கஷ்டம் போதும்" என்றீர்கள். யாரும் மறுக்கவில்லை. அதையே முதல் வரியாக எழுதினேன்.

நல்ல தாளில் எழுதித் தருவதாக ஊர்ப் பெரியவர் அதை வாங்கிப்போனார். கூடவே வெற்றுத் தாளில் எல்லோரிடமும் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கிக்கொண்டார். தருமபுரியில் மனுவைக் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் நகலைப் படித்துக் காட்டினார். சாலை இல்லை. சமுதாயக் கூடம் மட்டும் இருந்தது.

"நான் சொன்னது எங்கங்க?" என்று எழுந்து நின்று கேட்டீர்கள்.

எல்லாவற்றையும் கேட்டால் ஒன்றும் கிடைக்காது, கூடம் என்றால் சீக்கிரம் கிடைக்கும், சாலையை அடுத்த தடவை பார்க்கலாம் என்றார் அவர்.

"அப்ப என் கைநாட்ட எனக்குத் திருப்பிக் குடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கூடம் வந்தது. அதற்கடுத்த மழைக்காலத்தில் உங்களுக்கு வலி எடுத்தது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்றாள் மருத்துவச்சி. உங்களைத் தூளி கட்டித் தூக்கினார்கள். நான் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஓடினேன். பாறையெல்லாம் வழுக்கியது. பாதி வழியில் என் கையைப் பிடித்து, "இன்னும் எவ்ளோ தூரம்?" என்று கேட்டீர்கள். "வந்துட்டோம் அண்ணி" என்றேன். வந்திருக்கவில்லை. அடிவாரத்தில் ஜீப் காத்திருந்தது. அங்கே உங்கள் உடல்தான் போய்ச் சேர்ந்தது. பிள்ளையும் பிழைக்கவில்லை.

விதி என்றார்கள். ஒரு ஆள் பேனாவால் செய்ததற்கு விதி என்று பேர் வைத்தார்கள். அன்றைக்குக் கேட்டிருந்தாலும் ஒரு வருடத்தில் சாலை வந்திருக்காது என்று அண்ணன் இன்றும் வாதாடுகிறான். இருக்கலாம். ஆனால் கேட்கவே விடாதவர்களுக்கு அதைச் சொல்ல உரிமை கிடையாது.

இப்போது மலைக்கு பஸ் போகிறது. போன மாதம் போயிருந்தேன். பெரியவருக்குப் பார்வை மங்கிவிட்டது. என் குரலை வைத்தே அடையாளம் கண்டுகொண்டு, "நல்லா இருக்கியா கண்ணு?" என்றார். பதில் சொல்லாமல் நடந்தேன். "வயசானவரு. ஒரு வார்த்த பேசுனா என்ன கொறஞ்சிடும்?" என்று அண்ணன் பின்னாலேயே வந்தான்.

நீங்களாக இருந்தால் பேசியிருப்பீர்களோ என்னவோ. என்னால் முடியாது அண்ணி. எல்லோரும் உங்களை மறந்துவிட்ட அந்த ஊரில், உங்களுக்கென்று மிச்சமிருப்பது என் கோபம் ஒன்றுதான். அதை ஆறவிட மாட்டேன்.