ஆறாம் வகுப்பின் குரல்

ஜூலை 3

அன்புள்ள அக்கா,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். உங்கள் கம்பெனியின் ஆங்கிலம் கற்றுத்தரும் டேப்லெட்டுகள் இரண்டும் வந்தன. உன் சிபாரிசு இல்லாவிட்டால் எங்கள் பள்ளியை யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்?

ஆனால் என் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். சிக்னல் மாடிப்படியில் மட்டும்தான். பக்கத்து அறையில் வாய்ப்பாடு கத்துகிறார்கள். பிள்ளைகள் எதை வாசித்தாலும் உங்கள் ஏஐ டீச்சர் "மறுபடி சொல்லவும்" என்கிறது. தையல்காரர் மகள் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, "எனக்கு இங்கிலீஷ் வராதாம் டீச்சர்" என்று எழுந்து போய்விட்டாள். அவள் வாசித்தது சரிதான் அக்கா.

உன் தங்கை

ஜூலை 18

அன்புத் தங்கைக்கு,

முதுகுவலி குறைந்ததா? நீ சொன்னதை மேலாளரிடம் சொன்னேன். "மத்த ஸ்கூல்ல ஓடுதே. உங்க தங்கச்சி ஸ்கூல்ல மட்டும் யாருமே தேறலையே" என்றார். இந்த மாதமும் கருவி தரும் மதிப்பெண் ஏறாவிட்டால் டேப்லெட்டுகளைத் திரும்ப வாங்கிவிடுவார்களாம். சிபாரிசு செய்த என் தலையும் சேர்ந்து உருளும். ஏதாவது செய், கண்ணு.

அக்கா

ஆகஸ்ட் 2

அக்கா,

செய்துவிட்டேன். பிள்ளைகள் எல்லோரும் தேறிவிட்டார்கள். தலைமையாசிரியைக்கு வாயெல்லாம் பல். இனி யாரும் டேப்லெட்டைக் கேட்டு வரமாட்டார்கள், இல்லையா?

உன் தங்கை

ஆகஸ்ட் 9

தங்கைக்கு,

மதிப்பெண் திடீரென்று ஏறினால் அந்தப் பதிவுகளைக் கேட்டுப் பார்ப்பது என் வேலை என்று உனக்குத் தெரியாதா?

நாற்பது பெயர், ஒரே குரல். கீச்சென்று ஒரு பெண் போல, மூக்கடைத்த ஒரு பையன் போல. சின்ன வயதில் அத்தை மாதிரி பேசிக்காட்டி என்னைச் சிரிக்கவைத்தவள் நீ. முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை அறிக்கை தரவேண்டும். எழுதினால் உன் வேலை போகும், மறைத்தால் என் வேலை போகும். நான் என்ன செய்ய?

அக்கா

ஆகஸ்ட் 11

அக்கா,

என்னையா கேட்கிறாய்? ஏதாவது செய்யச் சொன்னது யார்? இங்கே பாதிப் பேருக்குப் புத்தகமே இல்லை. என்னை விட்டால் அவர்கள் ஆங்கிலம் கேட்பது அந்தக் கருவியில்தான். அதுவும் போகட்டும் என்று விடச் சொல்கிறாயா?

அதற்கு முந்தைய பதிவுகளையும் கேள். அதில் பேசுவது பிள்ளைகள். கேட்டபிறகு மனசுக்குச் சரியென்று பட்டதை எழுது. என்னைக் காப்பாற்ற வேண்டாம்.

ஆகஸ்ட் 20

தங்கைக்கு,

எல்லாவற்றையும் கேட்டேன். வாய்ப்பாட்டுச் சத்தத்தைத் தாண்டி அந்தத் தையல்காரர் மகள் தெளிவாக வாசிக்கிறாள். கருவிக்குத்தான் கேட்கவில்லை.

இரண்டையும் எழுதினேன். தேறிய பதிவுகளில் பேசியது என் தங்கை. அதற்கு முன் பிள்ளைகள் சரியாக வாசித்தும் கருவி தவறவிட்டது. மேலாளர் இரண்டாவதை அடித்துவிட்டு, "இப்ப கையெழுத்துப் போடுங்க" என்றார். போடவில்லை, வேலையை விட்டுவிட்டு வந்தேன். அவரே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். உன்னைக் காட்டிக்கொடுத்த வரி மட்டும் போயிருக்கிறது. அது நான் எழுதியது.

அக்கா

செப்டம்பர் 1

அக்கா,

என்னை இடைநீக்கம் செய்துவிட்டார்கள். டேப்லெட்டுகளையும் எடுத்துப் போய்விட்டார்கள்.

பள்ளி விட்டதும் பிள்ளைகள் என் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறார்கள், இருக்கிற புத்தகங்களிலிருந்து ஆளுக்கொரு பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு. ஒவ்வொருவர் வாசிப்பதையும் கேட்டு முடிப்பதற்குள் இருட்டிவிடுகிறது. நீயும் சும்மாதானே இருக்கிறாய். வந்து பாதிப் பேருக்குக் காது கொடு.

என்னோடு பேச்சுக் கொடுக்காதே. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

உன் தங்கை