துகள் ஏற்றாத செல்கள்

இன்று காலை அருப்புக்கோட்டையில் மோட்டார் ரீவைண்டிங் கடையைத் தாண்டும்போது கருகிய செப்புக் கம்பிக் காயில் வாடை குப்பென்று அடித்தது. உன் நினைப்பு வந்துவிட்டது. கூடவே நம் பேராசிரியர்மேல் ஆத்திரமும்.

உன் ஊர் பரளச்சி, என் ஊர் ரெட்டியபட்டி. மதுரையில் ஒரே ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தோம். காந்த நானோ துகள்களை நரம்புச் செல்களுக்குள் ஏற்றி, காயிலில் மின்சாரம் விட்டால், அதன் காந்தப்புலத்தில் தொடாமலே செல்கள் தூண்டப்பட்டு, ஏற்றிய சாயத்தால் ஒளிரும் என்பதுதான் கண்டுபிடிப்பு. நம் பேராசிரியருக்குப் பேரும் புகழும் அதில்தான். நீதான் துகள் ஏற்றாத செல்களையும் அதே காயிலுக்குள் வைத்துப் பார்த்தாய். அவையும் ஒளிர்ந்தன.

"காந்தமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல புள்ள. காயில் சூடுதான் செல்லைக் கிளப்புது. தண்ணி இல்லாத போர்க் கிணத்துல ஓடி ஓடி எங்க மோட்டாரு வருசா வருசம் கருகுது, எனக்குத் தெரியாதா?" என்றாய்.

பேராசிரியர் எல்லோர் முன்னாலும் உன்னைப் பொய்க்காரி என்று சொல்லி வெளியே அனுப்பினார். ஊரில் "படிச்சு என்னத்தக் கிழிச்சா" என்ற பேச்சு வேறு. அந்த மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. காய்ச்சல்தான் கொன்றது என்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன்.

பல்லைக் கடித்துக்கொண்டு அவரிடமே இருந்து பட்டம் வாங்கினேன். வேறு ஆய்வகத்தில் இடம் கிடைத்ததும், காயிலைச் சுற்றிக் குளிர்ந்த நீரை ஓடவிட்டு அதே சோதனையைச் செய்தேன். சூடு இல்லை; துகள் ஏற்றிய செல்கள்கூட ஒளிரவில்லை. உன் பெயரை முதலில் போட்டு வெளியிட்டேன். அவர் கட்டுரை நாறிப்போனது. நன்றாக வேண்டும்.

போனில் கெஞ்சினார். "நான் ஏமாத்தலை, வெறும் கவனக்குறைவுதான்னு மட்டும் ஒரு வார்த்தை எழுதிக் கொடும்மா."

"மொதல்ல அவ அம்மாகிட்ட வந்து சொல்லுங்க சார், பாப்போம்" என்றேன்.

நேற்று மதியம் வந்தார். பரளச்சியில் உங்கள் வீட்டு வாசலில் வெயிலில் நின்று, "உங்க பொண்ணு பொய் சொல்லலைம்மா" என்றார். நா வறண்டு, "கொஞ்சம் தண்ணி..." என்றார். பகையாளி வந்தாலும் தண்ணீர் கொடுத்த பிறகுதான் நம் பக்கத்தில் பேச்சு. உன் அம்மா செம்பை எடுத்தார்கள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வந்தவுகளுக்குத் தண்ணி இல்லைங்கலாமா தாயி?" என்று அழுதார்கள்.

அவர் காரில் ஏறும்வரை கையை விடவில்லை. அவர் கேட்டதை எழுதிக் கொடுக்கவும் இல்லை. இந்தக் கோபம் ஆறாது, ஆறவும் வேண்டாம். நீ இருந்திருந்தால் என்னைத் திட்டிவிட்டு நீயே தண்ணீர் கொடுத்திருப்பாய்.

நீதான் இல்லையே.