வீட்டார் பக்கத்தில் ஓர் இடம்

மச்சாள்,

பாரிசில் எங்கள் ஆட்களின் கடைகள் உள்ள ரூ பெர்தொனேயில் என்னைப் பற்றி ஒரு கதை உலாவுகிறது. உமக்கு எழுதத் தொடங்குமுன் அதைத் திருத்திவிடுகிறேன். உமது மகள் ஆரணி செய்த குழந்தைச் செயலியில், அம்மம்மாமாரும் அப்பம்மாமாரும் எட்டிப் பார்க்கும் கதவைச் சாத்தியவள் நான் என்கிறார்கள். பேரப்பிள்ளை இல்லாத எரிச்சலில் சாத்தினேனாம். எனக்குப் பிள்ளையும் இல்லை, பேரப்பிள்ளையும் இல்லை, அது உண்மை. மற்றது பிழை. சாத்த நினைத்தவள் ஆரணி. ஒரு சாண் திறந்து வைக்கச் சொன்னவள் நான்.

போன கிழமை அங்கே ஒரு கடைக்குள் நின்றபோதுதான் இதைக் கேட்டேன். பிள்ளை பெற்றவர்களுக்குக் கறி வைக்கிற சரக்குத்தூளை அன்று வறுத்து அரைத்திருந்தார்கள். மல்லியும் மிளகும் நற்சீரகமும் சேர்ந்த அந்த மணம். நீர் யாராவது ஒரு புதுத் தாய்க்கென்று அதை வாங்கி, பைக்குள் வைத்து, வீடு முழுக்க மணக்கச் செய்வீர். மூச்சை இழுத்துக்கொண்டு நின்றுவிட்டேன். அரிசி மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தக் கொன்வென்ற் மனுசிதான் எல்லாத்துக்கும் காரணம். மருமகள் ஆரணி பாவம், சொன்னதைச் செய்தவள்."

"அவவுக்கு என்ன தெரியும்? பெத்து வளத்தவவே?"

நான் சுற்றிப் போய் அவர்கள் முன்னால் நின்றேன். "ஆரணி சொன்னதைச் செய்யிற பிள்ளை இல்லை. உங்களுக்குத் தெரியாட்டி அவளிட்டையே கேளுங்கோ" என்றேன். தூளை வாங்காமல் வெளியே வந்தேன். மார்க்ஸ் டோர்மோயில் உள்ள நம் வீடு வரை நிமிர்ந்துதான் நடந்தேன்.

நீர் என்னை எதற்குத்தான் பகிடி பண்ணவில்லை? தலையணை உறைக்கு இஸ்திரி போடுவதற்கு, தேநீர்க் கோப்பையைத் தட்டில்லாமல் நீட்டமாட்டேன் என்பதற்கு, பிரெஞ்சை இலக்கணத்தோடு பேசி ஒருவருக்கும் விளங்காமல் போவதற்கு. எனக்குப் பிள்ளை இல்லாத அந்த ஒன்றை மட்டும் நீர் தொட்டதில்லை. என் கணவர், உமது அண்ணா, இறந்த பிறகு ஒரே வீட்டில் இருந்த அத்தனை வருடங்களிலும், எவ்வளவு கோபத்திலும், பிள்ளைகளைப் பற்றிக் கதை வந்தபோது "உமக்குத் தெரியாது" என்று நீர் சொன்னதில்லை. அதை நான் கவனித்தேன் என்று உமக்குச் சொல்லவும் இல்லை.

ஆரணிக்கு மூத்தவள் பிறந்தபோது அவர்கள் நாந்த் நகரத்தில் இருந்தார்கள். உமக்கோ கிழமைக்கு மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு. பாரிசை விட்டு அசைய முடியாது. பிள்ளை எப்போது குடித்தது, எவ்வளவு குடித்தது, எவ்வளவு நேரம் நித்திரை, எத்தனை முறை நனைந்த கூஷ் மாற்றியது என்பதையெல்லாம் குறித்து வைக்க அவள் தானே ஓர் இணையச் செயலி செய்தாள். அதுதானே அவளுடைய தொழில். நீர் தூரத்திலிருந்து பார்க்கவென்று 'வீட்டார் பக்கம்' என்று ஒன்றையும் அதில் சேர்த்தாள். சிநேகிதிகள் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். அவர்களுடைய சிநேகிதிகள் கேட்டார்கள். கொஞ்ச நாளில் லண்டனிலும் ரொறன்ரோவிலும்கூடப் புதுத் தாய்மார் அதை வைத்திருந்தார்கள்.

நீர் சமையலறை யன்னலடியில் இருந்து, கைத்தொலைபேசியைக் கை நீட்டிப் பிடித்துப் பார்ப்பீர்.

"மச்சாள், இஞ்சை ஒருக்கா வாரும். பிள்ளை இவ்வளவு நேரமா ஒண்டும் குடிக்கேல்லை."

"நித்திரை எண்டு போட்டிருக்கெல்லே?"

"நித்திரையோ, இவள் போட மறந்தவளோ, ஆருக்குத் தெரியும்? ரெலிபோன் எடுத்துக் கேப்பம்."

"பசிச்சாப் பிள்ளை அழும். அவளுக்குக் காது இருக்கு."

"நீர் சும்மா இரும். உமக்கு மணி அடிச்சாத்தான் பசிக்கும். எல்லாரும் அப்பிடியே?"

எடுப்பீர். ஆரணி மூச்சு வாங்க ஏதோ சொல்வாள். கொஞ்ச நேரத்தில் திரையில் ஓர் எண் விழும். "தொண்ணூறு! தொண்ணூறு மில்லி குடிச்சிட்டாள் என்ரை குஞ்சு!" ஊசி குத்திக் கன்றிப்போன கையால் அதை எனக்குக் காட்டுவீர். அன்று உமக்குச் சாப்பாடு இறங்கும்.

நீர் கண் மூடி ஒரு வருடமாகப் போகிறது. ஆரணி குடும்பத்தோடு பாரிசுக்குப் பக்கத்தில் உள்ள பொண்டிக்கு வந்துவிட்டாள். உமக்கு ஒரு பேரனும் பிறந்திருக்கிறான். உமது நெற்றி, உமது பிடிவாதம். இந்த இடைவெளியில் செயலியை ஒருவரும் கவனிக்கவில்லை. புதிய தொலைபேசிகளில் அது திறக்க மறுத்தது. குறித்தவை சிலருக்கு இரண்டு தரம் விழுந்தன, சிலருக்குக் காணாமல் போயின. "இனி ஒட்டுப் போடேலாது மாமி. அத்திவாரத்திலை இருந்து கட்டோணும்" என்றாள் ஆரணி. பிள்ளைப்பேற்று விடுமுறையிலேயே தொடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மூத்தவளைத் தகப்பனோடு விட்டுவிட்டு, சின்னவனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ரயிலில் வருவாள். அவன் என் கட்டிலில் தலையணைகளுக்கு நடுவில் நித்திரை கொள்ள, நாங்கள் மேசையில் இருப்போம். தமிழை வாசித்துத் திருத்துவதும், ஒவ்வொரு பொத்தானையும் அமத்திப் பார்ப்பதும் என் வேலை. என்னைத் திருப்திப்படுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று உமக்குத் தெரியும்.

"மாமி, இது சோதினைப் பேப்பர் இல்லை."

"சோதினைப் பேப்பரிலை பிழை விட்டா, விட்டவளுக்கு மட்டும்தான் நட்டம். இதை ஒரு கையிலை பிள்ளையோட, அரை நித்திரையிலை ஒருத்தி அமத்தப்போறாள். பொத்தானைப் பெருசாக்கு."

"மோன் தியூ" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டு முணுமுணுத்துக்கொண்டு பெரிதாக்குவாள். அவளுக்கு நித்திரை இல்லாத களைப்பு. எனக்கு எழுபத்தெட்டு வயதுக் களைப்பு. திரையைப் பார்த்தால் கண்ணால் நீர் வடிகிறது. இரண்டு களைத்த பெண்கள் ஒரு மேசையில் இருந்து ஒருவரையொருவர் எரிச்சல்படுத்திக்கொண்டு கட்டிய செயலி இது. அழகாக ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஒரு ஞாயிறு நான் வீட்டார் பக்கத்தைத் தேடினேன். காணவில்லை.

"அதை எடுத்துப்போட்டன்."

"ஏன்?"

"வேண்டாம் மாமி."

"வேண்டாம் எண்டது ஒரு காரணமோ? யாழ்ப்பாணத்திலை இருக்கிற ஒரு அம்மம்மா வேற எதுக்குள்ளாலை பாப்பா? உன்ரை அம்மா அதைப் பாத்துக்கொண்டுதான் உயிரோட இருந்தவ."

அவள் கணினியை மூடினாள். "அம்மா பாத்தது பொய்" என்றாள்.

பிறகு சொன்னாள்: "அவ பாத்துக்கொண்டிருக்கிறா எண்டு தெரிஞ்சாக் கை தன்ரை பாட்டுக்கு அமத்தும் மாமி. பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்துது. அம்மா ரெலிபோனிலை. நான் தொண்ணூறு எண்டு போட்டுட்டு வைச்சிடுவன். பிறகு டொக்ரர் பிள்ளையை நிறுத்துப் பாத்துட்டு, நிறை இறங்கிப்போச்சு, ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்குது எண்டு கேட்டவ. போனைத் திறந்து காட்டினன். எல்லாம் வடிவாத்தான் இருந்தது. எது நடந்தது, எது அம்மாக்குப் போட்டது எண்டு எனக்கே தெரியேல்லை."

பிள்ளை தேறிவிட்டாள், இப்போது பள்ளிக்கூடம் போய் என்னோடு பிரெஞ்சில் வாய் காட்டுகிறாள். ஆனால் ஆரணி தேறவில்லை. மற்றத் தாய்மாரைக் கேட்டுப் பார்த்தாளாம். ஒருத்தி மாமியாருக்காக, அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டு ஆட்டிக்கொண்டே 'நித்திரை' என்று அமத்தியிருக்கிறாள். "டொக்ரருக்கு உண்மை சொல்லாத ஒரு செயலியை நான் என்னத்துக்குத் திருப்பிக் கட்டுறன்?" என்று கேட்டாள்.

இதை உமக்கு எழுதலாமா என்று அவளையே கேட்டேன். "எழுதுங்கோ மாமி, அம்மாக்குத் தெரியட்டும்" என்றாள். உம்மைக் குற்றம் சொல்ல எழுதவில்லை, மச்சாள். உம்மைவிட இது விளங்கக்கூடியவர் வேறு யாருமில்லை.

படிக்கிற காலத்தில் கொன்வென்ற் விடுதியில் நாங்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களை நினைத்துப் பாரும். உறையை ஒட்டாமல் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். விடுதிப் பொறுப்பாளரான மதர் வாசித்த பிறகுதான் தபாலுக்குப் போகும். 'நான் இங்கு நல்ல சுகம்' என்று நான் காய்ச்சலில் கிடந்த கிழமையும் எழுதினேன், கோடு பிசகாத எழுத்தில். நீரும் அப்படி ஒன்றை எழுதிக் கொடுப்பீர். பிறகு உண்மையான கடிதத்தை, வீட்டிலிருந்து வந்து படிக்கிற ஒரு பிள்ளையின் புத்தகத்துக்குள் வைத்து வெளியே அனுப்புவீர். நான் பயந்து செத்தேன். அப்போது நாம் மச்சாள்மார் ஆகவில்லை; "எல்லாரும் பாக்கிற கடிதத்திலை எப்பிடியடி உண்மை எழுதுறது?" என்று என்னைக் கேட்டீர். அப்படிக் கேட்ட நீர்தான், வயது போன பிறகு, மகளின் பால்போத்தலை வாசிக்கிற மதர் ஆனீர். அன்பால்தான். மதரும் அன்பால்தான் வாசித்திருப்பார்.

இதை ஆரணிக்குச் சொன்னேன். "அம்மாவோ? கள்ளக் கடிதமோ?" என்று கேட்டு, சின்னவன் எழும்பிவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீர் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

அதன் பிறகுதான் நான் என் யோசனையைச் சொன்னேன். கதவு இருக்கட்டும், எண்களை எடு. மில்லியும் நிறையும் தாய்க்கும் டொக்டருக்கும். வீட்டாருக்கு ஒரே ஒரு சொல்: சுகம். தாய் விரும்பினால் அமத்துவாள், விரும்பாவிட்டால் விடுவாள். எத்தனை மணிக்கு அமத்தினாள் என்று காட்டக்கூடாது. காட்டினால் அதை எண்ணத் தொடங்குவார்கள். அமத்தாத நாளில் சிவப்பு அடையாளம் வரக்கூடாது. திருப்பிக் கேள்வி எழுத இடம் இருக்கக்கூடாது.

"அதுவும் பொய்யா அமத்தலாம்தானே மாமி?"

"நான் எழுதின சுகம் ஏன் பொய்யாப் போச்சு? எழுதாமல் விட ஏலாததாலைதான். விடலாம் எண்டிருந்தா காய்ச்சல் கிழமை விட்டிருப்பன்."

அவள் கணினியைத் திறந்தாள்.

புதுச் செயலி வெளியே போன நாளில் பூமாலையும் இல்லை, கேக்கும் இல்லை. பழைய தாய்மாருக்கெல்லாம் ஒரு செய்தி போனது, அவ்வளவுதான். அடுத்த நாளே முறைப்பாடுகள். ஓர் அம்மம்மா குரல்செய்தி அனுப்பியிருந்தார்: "பிள்ளை, நாங்கள் என்ன களவெடுக்கவோ பாக்கிறம்? சுகம் சுகம் எண்டு கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லுது. என்ன சுகம் எண்டு எங்களுக்குத் தெரியவேண்டாமே?" இன்னொருவர், முந்தி அயலட்டைக்கு எல்லா விபரமும் சொல்ல முடிந்தது, இப்போது சொல்ல ஒன்றுமில்லை என்று கவலைப்பட்டார். சில தாய்மாரே விட்டுப் போனார்கள். எத்தனை பேர் என்று ஆரணி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"பழைய எண்களைத் திருப்பிப் போட்டுவிடுவமோ மாமி? களைச்சுப் போனன்."

"களைப்பு ஒரு காரணம் இல்லை" என்றேன். சொன்ன குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது. எழும்பித் தேநீர் போட்டுக் கொடுத்தேன். பெர்தொனேக் கதை அங்கேதான் பிறந்திருக்கவேண்டும். மறுத்தவள் நான் என்று அவள் யாருக்கோ சொல்லியிருப்பாள். அதில் பிழையில்லை, மறுத்தேன்தான்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டம். கடைசி முறை பரீட்சித்துப் பார்த்த அன்று, ஆரணி தன் சொந்தப் பக்கத்தைத் திறந்து, சின்னவனுக்காக 'சுகம்' என்று அமத்தினாள்.

"இது ஆருக்குப் போகுது?" என்று கேட்டேன். சரியாகப் போகிறதா என்று பார்ப்பது என் வேலை.

"அம்மாக்கு. வேற ஒருத்தரும் இல்லை மாமி." பழைய பெயர்களை வைத்திருக்கவா என்று புதுச் செயலி கேட்டதாம், உமது பெயரை அவள் வைத்துக்கொண்டாள். பின்னேரங்களில் அமத்துகிறாளாம். "இப்ப ரெலிபோன் எடுத்து ஒருத்தரும் ஏசுறேல்லை" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். நான் அடுத்த பக்கத்தில் ஒரு சொல்லைத் திருத்தச் சொன்னேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

நீர் விட்டுப்போனவற்றில் உமது பதற்றம் என்னிடம் வந்துவிட்டது, மச்சாள். உம்மைப் பார்த்து எரிந்து விழுந்தவள் நான். இப்போது திங்கள் முதல் சனி வரை, உமது யன்னலடியில் நின்றுகொண்டு, அவன் குடித்தானா, சளி விட்டதா என்று யோசிக்கிறேன். எடுத்துக் கேட்கமாட்டேன். கேட்டால் அவள் சுகம் என்றுதான் சொல்வாள்; அது என் குரலுக்காகச் சொன்ன சுகமாக இருக்கும். அந்தச் சொல்லை அங்கே வைக்கச் சொன்னவள் நான். எனக்கு அது ஒருநாளும் வந்ததில்லை.

இந்த மடல் உமது ஆண்டுத் திவசத்துக்கு அச்சிடும் நினைவு மலருக்காக எழுதியது. தட்டச்சுச் செய்யப்போகிறவள் ஆரணி. அச்சுக்குப் போகலாமா என்பதையும் அவளே தீர்மானிக்கட்டும். இந்தக் கடைசிப் பந்தி அவளுக்கு.

ஆரணி, உன் வீட்டார் பக்கத்தில் அம்மாவின் பெயர் அப்படியே இருக்கட்டும். அதற்குக் கீழே என் பெயரையும் போடுவாயா? முகத்தைப் பார்த்துக் கேட்டால் நீ மறுக்கமாட்டாய். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மேசையில் கேட்கவில்லை. வேண்டாம் என்றால் நான் ஏன் என்று கேட்கமாட்டேன், அடுத்த ஞாயிறும் பொத்தான்களை அமத்திப் பார்ப்பேன். ஓம் அல்லது இல்லை, எதுவென்றாலும் தொலைபேசியில் வேண்டாம். எழுத்தில் பதில் அனுப்பு.