டிரெய்லர் வரிசையில் ஒரு வழி

என் அன்புத் தபேதாரே,

உன் நினைவு நாளுக்குப் பேப்பரில் போட்டு ஊரே படிக்கப் போகும் கடிதம், ‘நீங்க’ போட்டு மரியாதையாக எழுது என்கிறாள் நம் மகள் ஸ்டெல்லா. வெளியாள் எதிரில் ‘நீங்க’, வீட்டுக்குள் ‘நீ’ என்பதுதானே நம் பழக்கம். செத்துப்போனதால் நீ வெளியாளாகிவிட்டாயா என்ன?

கன்டெய்னர் டிரெய்லர்கள் இன்னும் அப்படியேதான் நிற்கின்றன. ஹார்பர் கேட்டுக்குள் போகும் வரிசை திருவொற்றியூர் தாண்டி நீண்டு, நம் தெருமுனையை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. நடுவில் கொஞ்சம் இடம் விட்டால் பின்னால் வருகிறவன் குறுக்கே புகுந்துவிடுவான் என்று எந்த டிரைவரும் இடைவெளி விடுவதில்லை. நமக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் இந்த இரும்புச் சுவர். காலையில் கதவைத் திறந்தாலே எனக்கு மூச்சு முட்டுகிறது.

உன்னையும் இங்கேதானே பறிகொடுத்தேன். நெஞ்சு வலி என்றதும் ஆட்டோவில் ஏற்றினோம், தெருமுனையில் வண்டி நின்றது. என் தோளில் சாய்ந்துகொண்டு, “இன்னாடி, இன்னும் நகரலியா?” என்று கேட்டாய். நான் வெளியே தலையை நீட்டி டிரெய்லர்காரனைக் கத்திவிட்டுத் திரும்புவதற்குள் நீ போய்விட்டாய்.

அப்போது ஸ்டெல்லாவுக்கு மாதம் நிறைந்திருந்தது. அவள் வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தெருமுனைதான் கண்ணில் நின்றது. வலி வந்தால் எந்த வழியாகக் கொண்டுபோவேன்? நான் படகிலா பிரசவம் பார்க்க முடியும்?

தெருப் பெண்களைக் கூட்டினேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். பட்டாளத்துக்காரன் பெண்டாட்டிக்குச் சண்டை தெரியும் என்று நினைப்பு! உன் உத்தியோகத்தைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? தபேதார் என்றால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்கிறவர்தானே என்று கேட்டவர்கள். “டாங்கிப் படைதாம்மா அந்தக் காலத்துக் குதிரைப்படை. குதிரை போயும் பதவிப் பேரு போவல” என்று நீயும் சளைக்காமல் சொல்லிக்கொண்டிருந்தாய்.

நான் நெத்திலி ஆயும்போது முறத்தில் நீ நடத்திய போர்கள் கொஞ்சமா? மீன்களை வளைத்து அடுக்கி, இது மங்கோலியக் குதிரைத் தளபதியின் படை என்பாய். பயந்தவன் போல ஓடுவான், துரத்துகிறவனின் வரிசை கலைந்ததும் திரும்பி அடிப்பான். எனக்கும் உன் அக்காவுக்கும் சண்டை வரும்போது நீயும் டீக்கடைக்கு ஓடுவாய், திரும்பி வந்து அடித்ததைத்தான் நான் பார்த்ததில்லை.

எனக்கு மனதில் நின்றது சுற்றி வளைப்பதுதான். எங்களுக்கு வழி விடாமல் ஒரு வண்டியும் நகரக் கூடாது என்று வளைத்தோம். நம் தெருவை ஒட்டி நின்ற வரிசைக்கு முன்னால் ஃபைபர் படகு ஒன்றை இழுத்துவந்து ரோட்டில் குறுக்கே போட்டோம். பின்னால் கயிறு கட்டிப் பெண்கள் உட்கார்ந்தார்கள். எனக்கு ஒரே பெருமை.

வெயில் ஏற ஏறத்தான் புத்தி வந்தது. தெருமுனையை அடைத்து நின்ற டிரெய்லர் முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. நம் வாசலை நாமே பூட்டிவிட்டிருந்தோம்! அதன் டிரைவர் ஜாக்கி ராடோடு குதித்து இறங்கினான். சேலத்துக்காரன், கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. “முன்னாலயும் கட்டிட்டீங்க, பின்னாலயும் கட்டிட்டீங்க. நான் எங்கதாம்மா போறது?” என்று கத்தினான். கத்தும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது. பாவம், அவனும் மாட்டிக்கொண்டவன்தான்.

அப்போதுதான் உன் முறத்தின் மிச்சப் பாடம் நினைவுக்கு வந்தது. மூன்று பக்கம் மீனை அடுக்கிவிட்டு நாலாவது பக்கத்தை வெறுமையாக விடுவாய். “வழி இல்லேன்னா சாவுற வரைக்கும் அடிப்பான்டி. வழிய காட்டு, அவனே கலைஞ்சி பூடுவான். டாங்கி வந்தாலும் ராக்கெட் வந்தாலும் இதே கதைதான்” என்பாய். நான் மீனைத் தூக்கிக் குழம்புச் சட்டியில் போட்டுக்கொண்டே பாதிதான் கேட்டிருக்கிறேன்.

படகை எடுங்கள் என்றேன். எதிர்வீட்டு பிலோமினாவுக்கு வந்ததே கோபம்! “தபேதார் பொண்டாட்டி பயந்துகினா! இதுக்கா இம்மா நேரம் வெயில்ல குந்தினு கீறோம்?” என்று ஊர் கேட்கக் கத்தினாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் படகு நகர்ந்தது. முன்னால் நின்ற வண்டிகள் போக, சேலத்துக்காரனும் தெருமுனையைத் தாண்டினான். அடுத்த டிரெய்லர் முட்டிக்கொண்டு வருவதற்குள் நான் நடுவில் போய் நின்றேன்.

ஹாரன் காதைக் கிழித்தது. “யம்மா, எவனாவது குறுக்க பூந்தா என் டர்னு பூடும்!” என்றான் அந்த டிரைவர்.

“எவனும் பூர மாட்டான். நான் நின்னுகினு கீறேன்ல?”

அவன் முறைத்துவிட்டு இன்ஜினை அணைத்தான். அன்றிலிருந்து ஆள் மாற்றி ஆள் நிற்கிறோம். பிலோமினாவும் நிற்கிறாள், முனகிக்கொண்டே. வரிசை அப்படியேதான் இருக்கிறது, புகையும் அப்படியேதான். ஒரு ஆட்டோ போகிற அளவுக்கு மட்டும் வழி. கொஞ்சம் அசந்தால் அதுவும் மூடிக்கொள்கிறது.

ஸ்டெல்லாவுக்கு வலி எடுத்தது ஒரு மத்தியானத்தில். உன்னைக் கொண்டுபோகப் பார்த்த அதே ஆஸ்பத்திரிக்குத்தான் ஆட்டோ போனது. பிலோமினா கையை விரித்து டிரெய்லரை நிறுத்த, ஆட்டோ நிற்காமல் தெருமுனையைத் தாண்டியது. நான் ஜெபமாலையை எடுத்து இரண்டு மணி கூட உருட்டவில்லை, “எறங்குமா, வந்தாச்சி” என்றார் ஆட்டோக்காரர். நான் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரி இவ்வளவு பக்கத்திலா இருந்தது?

பெண் குழந்தை. இருவரும் நன்றாக இருக்கிறார்கள். உன் மூக்கு, வேறென்ன சொல்ல.

இந்த வழி மூடாமல் பார்த்துக்கொள்வேன். என் காலுக்குத் தெம்பு இருக்கிறவரை அங்கே நிற்பேன். நீ கேட்டாயே ஒரு கேள்வி, இன்னொருத்தர் அதை அந்த இடத்தில் கேட்க விடமாட்டேன்.

உன்னைத் தோளில் சாய்த்திருந்த
உன் பெண்டாட்டி,
மேரி