காலி அலமாரியின் ஞானத்தகப்பன்

மார்ச் 4, 2013, திங்கள்

மீனவர் சங்கத்தார் பழைய ஐஸ் அறையின் சாவியை இன்று கொடுத்துவிட்டார்கள். வாடகை வேண்டாம் என்றார்கள். கூரையில் இரண்டு ஓட்டை, சுவரில் இன்னும் மீன் வாடை. சான் எலியாஸ் ஊரின் வரலாற்று நூலகம் இனி இங்கேதான்.

சாவி கைக்கு வந்தபோது நான் புத்தகங்களை நினைக்கவில்லை. எவாரிஸ்தோ லுஹானின் முகத்தை நினைத்தேன்.

மார்ச் 9

நடந்ததை எழுதிவைக்கிறேன். பின்னால் நானே கூட்டிச் சொன்னதாகத் தோன்றிவிடக் கூடாது.

இருபத்தாறு வருடம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரே வீட்டுப்பாடம் கொடுத்தேன்: வீட்டில் வயதானவரிடம் ஒரு கேள்வி கேள், அவர் சொல்வதை அப்படியே எழுது. பருத்தித் தோட்ட வேலைநிறுத்தம், ஊரையே கொண்டுபோன வெள்ளம், யார் யாரை இழுத்துக்கொண்டு ஓடினார்கள் என்பதுவரை எழுநூறு நோட்டுகள் சேர்ந்தன. பள்ளியின் பின்னறையில் அடுக்கியிருந்தேன். நான் ஓய்வு பெற்ற மூன்றாம் வருடம், அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள் என்று தலைமையாசிரியர் லுஹான் அத்தனையையும் எடைக்குப் போட்டார். போய்க் கேட்டேன்.

"எலி குட்டி போடுது டீச்சர். அதுல என்ன இருக்கு, கிழடுங்க புலம்பல்தானே?"

அந்தக் கிழடுகள் எல்லோரும் இப்போது கல்லறையில். மறுபடி யாரிடம் போய்க் கேட்பேன்?

ஏப்ரல் 14, ஞாயிறு

நூலகத்துக்காகக் கோழி விருந்து. சிவப்பு மிளகாய் விழுதில் ஊறிய நானூறு துண்டுகள், ஆறு எண்ணெய்ச் சட்டிகள். சீட்டு வாங்கியவர் வந்தாலும் வராவிட்டாலும் பணம் கொடுத்தாக வேண்டும். எங்கள் ஊர் வழக்கம் அது. லுஹான் இரண்டு சீட்டு வாங்கினார், வந்தார், எலும்பைக்கூட விடவில்லை.

"டொமித்திலா டீச்சர், உங்க கைப்பக்குவம் அப்படியே இருக்கு!"

சிரித்தேன். எண்ணெய்ச் சட்டி பக்கத்தில்தான் கொதித்துக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 16

விருந்துக் காசு கூரைக்கும் மேசைகளுக்கும் சரியாகப் போய்விட்டது. ஆறு அலமாரிகள் வேண்டும். சந்தையில் ஆலிவ் காய் விற்கும் நிக்கொலாசா வழி சொன்னாள்.

"ஞானஸ்நானம் குடுக்கிற பிள்ளைக்கு மட்டுமா, லாரி வாங்குனா அதுக்கும் ஒரு ஞானத்தகப்பன். பந்தாடுற பயலுக சட்டைக்கு ஒரு ஞானத்தகப்பன். உங்க அலமாரி மட்டும் என்ன அனாதையா?"

சரிதான். கேட்டால் இங்கே யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. சொன்னால் ஒரு வருடத்துக்கு ஊர் வாயில் விழ வேண்டும். ஞானத்தகப்பன் செலவை ஏற்பார். திறப்பு நாளில் துணியை விலக்குவார், ஒயின் பாட்டிலை உடைப்பார். மேலே ஒரு பித்தளைப் பலகையில் அவர் பெயர் இருக்கும். அதுவரை பொருளைப் பார்க்கக் கூடாது.

அதுவரை பார்க்கக் கூடாது!

ஏப்ரல் 21

பின்னத்தைச் சொல்லிக்கொடுக்க ரொட்டியை வெட்டிக் காட்டுவேன். பூஜ்யத்துக்குக் காலித் தட்டை. பிள்ளைகள் தட்டையே பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், புரிந்துவிடும்.

ஆறாவது அலமாரி காலியாக இருக்கப் போகிறது.

மே 5

லுஹான் வீட்டுக்குப் போனேன். கேட்டு முடிப்பதற்குள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எத்தனாவது அலமாரி டீச்சர்?"

"ஆறாவது ஐயா, வாசலுக்கு நேரா இருக்கிறது. உள்ளே வர்றவங்க கண்ணு முதல்ல அதுலதான் படும்."

"பேரு பெரிசா இருக்கணும்."

"பெரிசாவே இருக்கும்."

பொய் ஒன்றும் சொல்லவில்லை. அறுபத்தெட்டு வயதில் எனக்கு இவ்வளவு கெட்ட புத்தி இருக்கும் என்று தெரியாது. தூக்கம் நன்றாக வருகிறது.

ஜூன் 30

பித்தளைப் பலகை வந்துவிட்டது. மூன்று முறை துடைத்தேன்.

ஜூலை 27, சனி

முடிந்தது.

ஐந்து துணிகள் விலகின, ஐந்து பாட்டில்கள் உடைந்தன, கைதட்டல். ஆறாவதாக அவர், கோட்டும் டையுமாக. துணியை இழுத்தார். வெறும் அடுக்குகள். கூட்டம் சலசலத்தது. அவர் பித்தளையைத் தடவிப் பார்த்தார், சட்டைப்பையைத் தட்டினார். கண்ணாடி வீட்டில்.

"நிக்கொலாசா, நீ படி. சத்தமா, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி!"

அவள் சந்தைக் குரலில் படித்தாள்: "எவாரிஸ்தோ லுஹான், இந்த அலமாரியின் ஞானத்தகப்பன். 2010-இல் இவர் எடைக்குப் போட்ட எழுநூறு நோட்டுகளின் இடம் இது."

பாட்டில் உடையாமல் அவர் கையிலேயே இருந்தது. அதை மேசைமேல் வைத்துவிட்டு அவர் நடந்து போனார். நான் கைதட்டினேன். நான் மட்டும்.

ஜூலை 29

நிக்கொலாசா ஒரு கோணிப்பையோடு வந்தாள். உட்காரவில்லை.

"அப்ப எடைக்கடையில நானும் ரெண்டு மூட்டை வாங்கினேன் டீச்சர். காய் மடிச்சுக் குடுக்க. எங்க தெருக்காரங்க பேரு இருந்ததை மட்டும் கிழிக்க மனசு வரல. உங்ககிட்ட சொல்லப் பயம்."

நாற்பத்தொரு நோட்டுகள். சிலதில் உப்புநீர்க் கறை. அவளைத் திட்டுவதா, கட்டிக்கொள்வதா? இரண்டையும் செய்தேன்.

ஆகஸ்ட் 25

தினமும் யாராவது நோட்டோடு வருகிறார்கள். கசாப்புக்காரர் ஒன்பது, தையற்காரி இரண்டு, பேருந்து ஓட்டுநர் பாதி கிழிந்த ஒன்று. காலித் தட்டைப் பார்த்ததும் புரிந்துகொண்டவர்கள். நன்கொடைப் பேரேட்டில் பெயர், பொருள், எங்கிருந்து கிடைத்தது என்று மூன்று கட்டம். மூன்றையும் அவரவர் கையாலேயே எழுத வைக்கிறேன்.

செப்டம்பர் 19

அலமாரி முக்கால்வாசி நிரம்பிவிட்டது. ஊர் அதற்கு வைத்திருக்கும் பெயர் "லுஹான் அலமாரி". "லுஹான் அலமாரியில வைங்க டீச்சர்" என்று பிரியமாக வேறு சொல்கிறார்கள்! பலகையை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. அவமானப்படுத்த வைத்த பெயரை நானே ஊருக்குச் செல்லப்பெயராக்கிவிட்டேனா? நல்லா வேணும் எனக்கு.

அக்டோபர் 17, வியாழன்

மதியம், யாரும் இல்லாத நேரத்தில் லுஹான் வந்தார். சட்டைக்குள்ளிருந்து ஒரு நோட்டை எடுத்தார். 1984. அவர் அண்ணன் மகள் எழுதியது. பேசியிருப்பது லுஹானின் அம்மா, பருத்தித் தோட்ட முதலாளி வீட்டில் துணி துவைத்தவள்.

"எங்கம்மா பேசுற மாதிரியே இருக்கும் டீச்சர்."

"மத்தவங்க அம்மா?"

பேரேட்டைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன். பெயரை எழுதினார், பொருளை எழுதினார். மூன்றாம் கட்டத்தில் பேனா நின்றது.

"பள்ளிக்கூடம்னு போட்டாப் போதாதா?"

"பாதி விடைக்கு நான் மார்க் போட மாட்டேன் ஐயா. உங்களுக்குத் தெரியும்."

பேனாவை மறுபடி ஊன்றி எழுதினார்: "மற்றதை விற்கும் முன் இதை மட்டும் தனியே எடுத்துவைத்தேன். இவற்றின் மதிப்பு எனக்குத் தெரியும்."

போகும்போது வாசலில் நின்றார். "அந்தப் பலகை…"

"பார்க்கலாம்," என்றேன்.

அவர் போனபின் நோட்டைப் படித்தேன். நல்ல பெண்மணி. வேலைநிறுத்தக்காரர்களுக்கு வெள்ளைத் துணிக்குள் ரொட்டியை மறைத்துக் கொண்டுபோயிருக்கிறாள். நடு அடுக்கில் வைத்தேன்.

பிறகு திருப்புளியை எடுத்தேன். கழற்றத்தான் எடுத்தேன் என்று நினைக்கிறேன். பலகையின் இடது திருகு தளர்ந்திருந்தது. இறுக்கினேன்.